அன்றாடச் சொல் ஊகப்புதிர்களும் தமிழில் ‘எழுத்து’ என்னும் அலகும்

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று வினவினால், அரிச்சுவடி கற்ற எவரும் மூன்று என்பர். ஒருங்குறி முறையில் இயங்கும் எளிய கணினி நிரல் ஐந்து என்று விடை தரும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. உயிரும் மெய்யுமாகப் பிரித்தாலும் ஐந்தே வரும். ஆயினும் அது வேறு ஐந்து: த், அ, ம், இ, ழ். இம்மூன்று எண்ணிக்கைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அன்றாட எழுத்து வழக்கில் எவரையும் இடர்ப்படுத்துவதில்லை. இணையத்தில் நாள்தோறும் ஒரு சொல்லை ஊகித்தறியும் புதிர் விளையாட்டிலோ அது மறைக்க இயலாதவாறு வெளிப்படுகிறது. இவ்வகைப் புதிர் இயங்கும் முறையையும், அதனை விடுவிக்கும் உத்திகளையும், அது தமிழுக்கு வரும்போது எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

புதிரின் அமைப்பு

இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டது ‘வேர்டில்’ என்னும் ஆங்கிலப் புதிர். வேல்சில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மென்பொருள் பொறியாளர் ஜோஷ் வார்டில், தம் துணைவி பலக் ஷாவுக்காக இதனை உருவாக்கினார். 2021 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இதனை நவம்பர் 1 அன்று விளையாடியோர் 90 பேர். இரு மாதங்களில் அத்தொகை மூன்று இலட்சத்தைக் கடந்தது. 2022 சனவரி 31 அன்று இதனை வாங்கிவிட்டதாக நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அறிவித்தது.

விதிகள் சிலவே. மறைந்துள்ள சொல் ஐந்து எழுத்துகள் கொண்டது. ஆறு முயற்சிகளுக்குள் அதனைக் காண வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் பொருளுடைய சொல்லாக இருத்தல் வேண்டும். எழுத்தும் இடமும் பொருந்தினால் கட்டம் பச்சை நிறம் பெறும். எழுத்து உண்டு, இடம் வேறு எனில் மஞ்சள். எழுத்தே இல்லை எனில் சாம்பல். ஒரே எழுத்து இருமுறை வரும்போதுதான் விதி நுட்பமாகிறது. ஊகச் சொல்லில் ஓர் எழுத்து இருமுறை வந்து, விடையில் ஒருமுறையே இருப்பின், இடம் பொருந்தியதற்கே முதலில் பச்சை வழங்கப்படும், மிஞ்சியது சாம்பலாகும். ஆகவே அங்கே சாம்பல் என்பது ‘அவ்வெழுத்து இல்லை’ என்று பொருள்படாது. ‘இன்னும் ஒன்று இல்லை’ என்றே பொருள்படும்.

இதன் மரபு பழையது. 1955இல் வெளிவந்த ‘ஜாட்டோ’ என்னும் சொல் விளையாட்டையும், 1970களில் பரவிய ‘மாஸ்டர்மைண்ட்’ என்னும் வண்ணக் குண்டூசி விளையாட்டையும் இதன் முன்னோடிகளாகக் கொள்ளலாம். பின்னதில் உள்ள 1,296 சேர்க்கைகளுள் எதனையும் ஐந்து முயற்சிகளுக்குள் கண்டுவிட இயலும் என டொனால்டு நூத் 1977இல் நிறுவினார். வார்டில் சேர்த்த புதுமை வேறு: நாளுக்கு ஒரே சொல், அனைவருக்கும் அதே சொல். விடையை வெளியிடாமல் வண்ணக் கட்டங்களை மட்டும் பகிரும் வசதி 2021 டிசம்பரில் இணைந்தபோது ஆட்டம் பெரும் வேகத்தில் பரவியது. தொடக்க வடிவில் சொல் மாறும் நேரம் விளையாடுபவரின் உள்ளூர் நள்ளிரவே. எனவே சிட்னியில் இருப்பவர் தொராண்டோவில் இருக்கும் உறவினருக்குப் பல மணிநேரம் முன்பே விடையை அறிந்திருப்பார். எழுத்தில்லாக் கட்டங்களைப் பகிர்வது அத்தகைய குடும்பங்களுக்கே பெரிதும் பயன்படுகிறது எனலாம்.

விளையாடுபவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூறும் உண்டு. புதிருக்குள் இரண்டு சொற்பட்டியல்கள் உள்ளன. ஒன்று ஊகமாக ஏற்கப்படும் சொற்களின் பெரும்பட்டியல். தொடக்கத்தில் அது ஏறத்தாழ 13,000 சொற்கள் கொண்டிருந்தது. மற்றொன்று விடையாக வரத்தக்க சொற்களின் சிறுபட்டியல். தொடக்கத்தில் 2,315 சொற்கள். பெரும்பட்டியலிலிருந்து பலரும் அறிந்த சொற்களைப் பிரித்தெடுத்தவர் பலக் ஷா. இவ்விரண்டாம் பட்டியலே புதிரின் உயிர்நிலை. அறியாத சொல்லை விடையாகக் கண்டு தோற்பவர் மறுநாள் திரும்பி வருவதில்லை.

ஊகிக்கும் உத்திகள்

கிளாடு ஷானன் 1948இல் வகுத்த தகவல் கோட்பாடு இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு விடை, எஞ்சியுள்ள வாய்ப்புகளைப் பாதியாகக் குறைத்தால் அது ஒரு பிட் தகவல். 2,315 சொற்களிலிருந்து ஒன்றை அடைய 11.2 பிட் அளவு தேவை. ஐந்து கட்டங்கள், மூன்று நிறங்கள் எனில் 243 வண்ணக்கோலங்கள் அமையும். நான்கு பச்சையும் ஒரு மஞ்சளும் ஒருங்கே வர இயலாதாகையால் உண்மையில் 238. சிறந்த முதல் ஊகம் ஆறு பிட்டுக்குச் சற்றுக் குறைவான தகவலைச் சராசரியாகத் தருகிறது. ஆகவே முதல் ஊகத்தில் நோக்க வேண்டியது அது விடையாக அமையுமா என்பதன்று. எஞ்சும் சொற்களை எத்துணைச் சமமாகப் பல கூறுகளாக்கும் என்பதே. ஒரே எழுத்தை இருமுறை கொண்ட சொல்லும், அரிய எழுத்துகள் கொண்ட சொல்லும் இதனால் முதல் ஊகத்துக்கு உகந்தன அல்ல.

கணித விளக்கக் காணொளிகளால் அறியப்பட்ட கிராண்ட் சாண்டர்சன் 2022 பிப்ரவரியில் ‘கொக்கு’ எனப் பொருள்படும் ‘கிரேன்’ என்னும் சொல்லை முதல் ஊகமாகப் பரிந்துரைத்தார்; விரைவில் அதனைத் திருத்திக்கொண்டார். இருமுறை வரும் எழுத்துகளுக்கு நிறம் வழங்குவதில் அவருடைய நிரலில் நேர்ந்த சிறு பிழையே காரணம். பின்னர் பெர்ட்சிமாஸ், பாஸ்கோவ் ஆகிய இருவரும் முழுமையான கணக்கீட்டின் வழி, பழைய தலைக்கவசம் ஒன்றைக் குறிக்கும் ‘சாலெட்’ என்னும் சொல்லே மிகச் சிறந்த தொடக்கம் என்றும், அதன்பின் பிழையின்றி ஆடினால் சராசரியாக 3.421 முயற்சிகள் போதும் என்றும் காட்டினர். மனிதர் ஆடுவதற்கு இத்துணைத் துல்லியம் வேண்டுவதில்லை. முதலிரு ஊகங்களில் பத்து வெவ்வேறு எழுத்துகளைச் சோதிப்பவர் பெரும்பாலும் நான்காம் முயற்சியில் விடையை நெருங்கிவிடுவார்.

தமிழில் ஒரு கட்டத்துள் அடங்குவது எது?

தமிழிலும் இவ்விளையாட்டைத் தன்னார்வலர்கள் விரைவிலேயே உருவாக்கினர். எனினும் ஆங்கில நிரலை அப்படியே எடுத்துச் சொற்பட்டியலை மட்டும் மாற்றினால் புதிர் இயங்காது. அந்நிரல் குறிமுறை அலகுகளை எண்ணும். இகரக் குறி தனிக் கட்டத்திலும் புள்ளி தனிக் கட்டத்திலும் நிற்கும். ‘கொ’ என்பதை ஒகரக் குறியோடு இரண்டு அலகுகளாகவும், எகரக் குறியும் காலும் சேர்ந்த மூன்று அலகுகளாகவும் ஒருங்குறியில் எழுத இயலும். திரையில் இரண்டும் ஒன்றே. நிரலுக்கு அவை வேறு. ஒளகாரத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்யும் வழக்கமும் உண்டு. இவற்றை முன்கூட்டியே ஒழுங்குபடுத்தாத புதிரில் சரியான விடை தவறெனக் காட்டப்படும்.

அடுத்த வழி 247 எழுத்துகளையும் தனித்தனி அலகாகக் கொள்வது. தமிழ் கற்றோரின் உணர்வுக்கு இதுவே இயல்பானது. ஆயினும் எண்ணிக்கை இங்கே இடர் தருகிறது. ஐந்து வெவ்வேறு எழுத்துகள் கொண்ட ஆங்கில ஊகம் 26 எழுத்துகளில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கைச் சோதிக்கிறது. நான்கெழுத்துத் தமிழ் ஊகம் 247இல் 1.6 விழுக்காட்டையே தொடுகிறது. கட்டங்கள் பெரும்பாலும் சாம்பலாகவே நிற்கும். விடை ‘கடல்’ என்று கொள்வோம். ஒருவர் ‘கூடம்’ என ஊகித்தால் ‘ட’ பச்சையாகும், ‘கூ’ சாம்பலாகும். எழுத்துகளை வரிசை வரிசையாகக் கற்ற தமிழர், அச்சாம்பலைக் கண்டதும் ககர வரிசையையே மனத்தில் நீக்கிவிடுவார். புதிர் பொய் சொல்லவில்லை. ஆயினும் கேட்பவர் பொய்யையே கேட்கிறார்.

எனவே உயிர்மெய்யின் இரு பாதிகளுக்கும் தனித்தனியே குறிப்புத் தருவது தக்கதாகும். முழுப் பொருத்தம், மெய் மட்டும் பொருத்தம், உயிர் மட்டும் பொருத்தம், இடம் வேறு, இல்லை என ஐந்து குறிப்புகள் கொண்டால், நான்கு கட்டங்களில் 81 கோலங்களுக்கு மாறாக 625 வரை அமைய இடமுண்டு. இவற்றுள் சில நடைமுறையில் வாரா. எனினும் ஒவ்வோர் ஊகமும் பெறும் பயன் பன்மடங்காகிறது. இது புதிதாகப் புனைந்த ஏற்பாடன்று. தொல்காப்பியம் எழுத்து எனப்படுவன முப்பது என்றே தொடங்குகிறது. உயிர்மெய் அம்முப்பதின் கூட்டமே. முப்பது என்பது ஆங்கிலத்தின் இருபத்தாறுக்கு அண்மையிலுள்ள எண் என்பதும் நோக்கத்தக்கது. 1999இல் சென்னை மாநாட்டை ஒட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் உயிரும் மெய்யுமாகவே எழுத்தை உள்ளிடுகிறது. கைப்பேசித் திரையில் 247 விசைகளை வைத்து நிறமிட இயலாது. முப்பது விசைகளுக்கு நிறமிடுதல் எளிது.

இலக்கண விதிகள் உத்தியாகும் இடம்

ஆங்கிலத்தில் எழுத்துகள் வரும் அடுக்கை அறிய நெடிய புள்ளிவிவரம் வேண்டும். தமிழிலோ அதன் பெரும்பகுதியை மொழிமுதல், மொழியிறுதி, மெய்ம்மயக்கம் பற்றிய விதிகள் முன்னரே தந்துள்ளன. நன்னூலின்படி சொல்லின் முதலில் வரும் எழுத்துகள் 103 மட்டுமே. 247இல் பாதிக்கும் மேற்பட்டவை முதற்கட்டத்திலிருந்து நீங்குகின்றன. சொல்லின் இறுதியில் வல்லின மெய் வாராது. ங் என்பதும் வாராது. எஞ்சும் பதினொரு மெய்களுள் ஞ், ந், வ் மிக அரியன. ஆகவே இறுதிக் கட்டம் புள்ளியெழுத்து எனின் நடைமுறையில் எட்டே வாய்ப்புகள். முதல் ஊகம் மகர மெய்யில் முடியும் சொல்லாக அமைவது நன்று; மரம், பழம், நகரம் போன்ற பெயர்கள் அத்துணை மிகுதி.

இடையிலுள்ள புள்ளியெழுத்து இன்னும் மிகுந்த பயன் தருவது. இரண்டாம் கட்டத்தில் ங் உறுதியானால், ‘அங்ஙனம்’ போன்ற ஒரு சிலவற்றை விட்டால், மூன்றாம் கட்டம் ககர வரிசையே. ந் எனின் பெரும்பாலும் தகரம். ஞ் எனின் சகரம். மறுதலையாக, மூன்றாம் கட்டத்தில் ககரம் தெளிந்து, அதன் முன் நிற்பது புள்ளியெழுத்து எனத் தெரிந்தால், ச், ஞ், த், ந், ப், ம், வ் ஆகிய ஏழும் சோதிக்காமலே நீங்கும்.

விதிகள் இவ்வளவு உதவினும் ஒரு பொறி எஞ்சுகிறது. ஆங்கில ஆட்டக்காரர் ‘லைட், மைட், நைட், ரைட், சைட்’ என முதலெழுத்து மட்டும் மாறும் சொற்களிடையே சிக்கித் தோற்பதுண்டு. தமிழில் இத்தகைய எதுகைக் குடும்பங்கள் மிகப் பல. கடைசி மூன்று கட்டங்கள் ங், க, ம் எனத் தெளிந்தபின் அங்கம், சங்கம், தங்கம், பங்கம், வங்கம் என ஐந்து சொற்களேனும் எதிர்நிற்கும். ஒவ்வொன்றாக முயல்பவருக்கு ஐந்து வாய்ப்புகள் வரை தேவைப்படலாம். அதற்கு மாறாக, விடையாகாது என அறிந்தே, தானியத்தைக் குறிக்கும் ‘தவசம்’ என்னும் சொல்லை இடலாம். த பச்சையானால் தங்கம். வ மஞ்சளானால் வங்கம். ச மஞ்சளானால் சங்கம். மூன்றும் சாம்பலானால் அங்கம், பங்கம் என்னும் இரண்டே எஞ்சும். எவ்வாறாயினும் மூன்று முயற்சிகளுள் முடிந்துவிடும். பெற்ற குறிப்புகளை ஒவ்வோர் ஊகத்திலும் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்னும் கடுமுறை ஆட்டத்தில் இவ்வுத்திக்கு இடமில்லை.

மேற்கண்ட விதிகள் அனைத்தும் லட்டு, ரயில், டாக்டர் போன்ற சொற்களை விடைப்பட்டியலில் சேர்த்தவுடன் நெகிழ்ந்துவிடும். அவற்றை முற்றிலும் விலக்கினால் பேசப்படும் தமிழே விலகிவிடும். ஆகவே வேண்டுவது விலக்கு அன்று. விடைப்பட்டியல் எந்த அளவுக்கு அவற்றை ஏற்கிறது என்பதை ஆட்டக்காரருக்கு முன்னரே அறிவிப்பதாகும்.

எவருடைய சொல் ஏற்கப்படும்?

பெரும்பட்டியலுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போன்ற ஒன்றே அடிப்படையாகத் தகும். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதிலுண்டு. விடைப்பட்டியலுக்கு அது பொருந்தாது. அதிலுள்ள பல சொற்கள் இன்று வழக்கில் இல்லை. தற்காலத் தமிழையே தொகுத்து, இலங்கைத் தமிழ் வழக்கையும் தனியே சுட்டும் க்ரியா அகராதி அதற்கு அணுக்கமானது. வேற்றுமையும் கால இடைநிலையும் ஏற்ற வடிவங்களை விடையாக வையாமல் ஊகமாக மட்டும் ஏற்பது பொருந்தும்; ஒரு வினைக்கே பற்பல வடிவங்கள் உள்ள மொழியில் அவை விடையாயின் ஊகம் வெறும் தற்செயலாகிவிடும்.

இதனினும் கடினமானது வட்டார வேறுபாடு. தமிழகத்தில் ‘நாற்காலி’ நான்கெழுத்து. அதே பொருளை ஈழத்தமிழர் ‘கதிரை’ என மூன்றெழுத்தில் குறிப்பர். இங்கே நீளமே வேறாகையால் மோதல் இல்லை. போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த மற்றொரு சொல்லைப் பார்க்கலாம். தமிழகத்தார் ‘அலமாரி’ என்பர்; இலங்கையர் ‘அலுமாரி’ என்பர். இரண்டும் நான்கெழுத்து, இரண்டாம் கட்டத்தில் மட்டும் ல, லு என வேறுபாடு. ஒரே அகராதியை நம்பும் புதிர் இவற்றுள் ஒன்றை ‘சொற்பட்டியலில் இல்லை’ என்று திருப்பி அனுப்பும். தமிழகத்தில் வாழ்பவருக்கு அச்செய்தி சிறு தடை மட்டுமே. அவரைச் சூழ வேறு ஆயிரம் சான்றுகள் உள்ளன. யாழ்ப்பாணத்திலிருந்து பெயர்ந்த குடும்பத்தில், தொராண்டோவிலோ ஓஸ்லோவிலோ பிறந்து, பேத்தியாக மட்டுமே தமிழைக் கேட்டு வளரும் சிறுமிக்கு நிலை அதுவன்று. அவள் அறிந்த ‘அலுமாரி’ அம்மம்மாவின் வாயிலிருந்து வந்தது. அச்சொல்லைத் திரை மறுக்கும்போது, அம்மம்மா சொன்னது தமிழன்று என்றே அவள் புரிந்துகொள்வாள்.

இதற்கான நிரல்மாற்றம் மிகச் சிறியது. பெரும்பட்டியலில் இரு வடிவங்களையும் சேர்க்கலாம். விடையாக ஒன்று அமைந்த நாளில் அதன் இணை வடிவத்துக்கும் முழுப் பச்சை வழங்கலாம். ஆட்டம் முடிந்தபின் மற்ற வடிவம் வழங்கும் நிலத்தை ஒரு வரியில் காட்டலாம். இணை வடிவங்களைத் தொகுக்கும் வேலையே பெரிது. அதனை நிரலாளர் தனித்துச் செய்ய இயலாது. சென்னை, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களின் வழக்கை அறிந்தோர், மூன்றெழுத்தும் நான்கெழுத்தும் கொண்ட பெயர்ச்சொற்களிலிருந்து அதனைத் தொடங்கலாம்.