சொட்டுநீர்க் குழாய்க்கு எவ்வளவு அமிலம்?

ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் தோட்டங்களில், சில ஆண்டுகளுக்குள் சொட்டுவான்களின் வாயில் வெள்ளைப் படிவம் கட்டத் தொடங்குகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களின் சுக்கான் நிலங்களில் இத்தொல்லையைப் பரவலாகக் காணலாம். மோட்டார் ஓடும், குழாயில் நீரும் நிறைந்திருக்கும், ஆனால் வரிசையின் கடைசியில் உள்ள வாழை வாடும். பலர் குண்டூசியால் துவாரத்தைக் குத்துகின்றனர். இதனால் துவாரம் அகன்று, அந்த ஒரு சொட்டுவான் மட்டும் அளவுக்கு மீறிக் கொட்டும். குழாயைத் தரையில் அடிப்பதாலும் பயனில்லை.

படிவத்தைச் சிறிது சுரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அது சுண்ணாம்புப் படிவம், அமிலத்திற்குக் கரையும். நுரைக்காமல் வழுவழுப்பாக இருந்தால் பாசியோ நுண்ணுயிரோ சேர்ந்தது. அதற்குக் குளோரின் சிகிச்சை வேறு உண்டு.

அமிலம் விட வேண்டும் என்பது இன்று பெரும்பாலான விவசாயிகளுக்குத் தெரியும். எவ்வளவு என்பதில்தான் தவறு நேருகிறது. பக்கத்துத் தோட்டத்தில் ஏக்கருக்கு இத்தனை லிட்டர் விட்டார்கள் என்று கேட்டு அதையே விடுவது வழக்கமாகிவிட்டது. நீரின் பி.எச். அளவை மட்டும் பார்த்து விடுவதும் அதற்குச் சமமான தவறே.

பி.எச். என்பது நீர் அப்போது இருக்கும் கார அமில நிலையைக் காட்டுமே தவிர, அந்நிலையை மாற்ற எவ்வளவு அமிலம் பிடிக்கும் என்று காட்டாது. அதைத் தீர்மானிப்பது நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பு. விடும் அமிலத்தை முதலில் பைகார்பனேட்டே விழுங்கும். பழைய கடன் முழுவதும் அடைந்த பிறகே பி.எச். வேகமாக இறங்கும். சுண்ணாம்பை நன்றாகக் கரைக்கக் குழாயின் கடைசி முனையில் பி.எச். 4 அளவுக்கு வர வேண்டும்.

இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டின் பி.எச். அளவும் 8. ஒன்றில் லிட்டருக்கு 183 மில்லிகிராம் பைகார்பனேட், மற்றதில் 366 மில்லிகிராம். 61ஆல் வகுத்தால் முறையே 3, 6 மில்லி ஈக்விவலண்ட் வரும். 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலமானால் ஒரு மில்லி ஈக்விவலண்டுக்கு 1,000 லிட்டர் நீரில் 95 மி.லி. அமிலம் செலவாகும். பி.எச். 4க்குக் கொண்டுவர மேலும் 10 மி.லி. சேர்த்தால், முதல் கிணற்றுக்கு ஏறத்தாழ 300 மி.லி., இரண்டாவதற்கு 580 மி.லி. தேவை. அளவை மாற்றி விட்டால் என்ன ஆகும்? இரண்டாவது கிணற்று நீரில் 300 மி.லி. விட்டால் பி.எச். 6க்குக் கீழே வராது. வாங்கிய அமிலம் வீண். முதல் கிணற்று நீரில் 580 மி.லி. விட்டால் பி.எச். 2.5 வரை இறங்கி, வால்வு, வடிகட்டி முதலிய இரும்புப் பாகங்களை அரிக்கும்.

நீர்ப் பரிசோதனை அறிக்கையில் கார்பனேட்டும் காட்டப்பட்டிருந்தால் அதை 30ஆல் வகுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். மாதிரி எடுக்கும் முன் மோட்டாரை அரை மணி நேரம் ஓட விட்டு, புட்டியின் கழுத்து வரை நிரப்பி மூடுவது அவசியம்.

கணக்கு எப்படியிருந்தாலும் ஒரு வாளிச் சோதனை செய்து பார்ப்பதே நம்பகமானது. அமிலக் கேன் திறந்து கிடந்தால் ஆவி போய் வீரியம் குறையும். எந்தக் கேனிலிருந்து குழாய்க்கு விடப் போகிறோமோ அதே அமிலத்தைச் சோதனைக்கும் எடுத்தால் இந்தக் குறை தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். 900 மி.லி. நீரில் 100 மி.லி. அமிலத்தை மெதுவாக ஊற்றிக் கலக்கிக்கொள்ள வேண்டும். நீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் நீரை ஒருபோதும் விடக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் கிணற்று நீர் எடுத்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் இக்கரைசலை 5 மி.லி. வீதம் விட்டுக் கலக்கி, உடனுக்குடன் பி.எச். தாளில் பார்த்து வர வேண்டும். தாமதித்தால் கரியமில வாயு வெளியேறி பி.எச். மீண்டும் ஏறிக் காட்டும்.

மேற்சொன்ன இரண்டாவது கிணற்று நீரானால் 30 மி.லி. விட்ட பிறகும் பி.எச். 6க்கு மேல்தான் நிற்கும். 45 மி.லி.யில் 5.8, 55 மி.லி.யில் 5 என்று வந்து, 58 மி.லி.யில் 4ஐத் தொடும். இன்னும் 2 மி.லி. விட்டால் 3.5க்குப் போய்விடும். எனவே 5ஐ நெருங்கியதும் ஒவ்வொரு மி.லி.யாக விடுவது நல்லது. செலவான மி.லி.யைப் பத்தால் பெருக்கினால் 1,000 லிட்டருக்கான அமில அளவு கிடைக்கும்.

அடுத்தது தோட்டத்துக் கணக்கு. மணிக்கு 4 லிட்டர் சொட்டும் 2,000 சொட்டுவான்கள் கொண்ட பகுதியில் மணிக்கு 8,000 லிட்டர் ஓடுகிறது. 20 நிமிடத்தில் சுமார் 2,670 லிட்டர். இதற்கு 580 மி.லி. வீதம் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் அமிலம் வேண்டும். வெஞ்சுரி மணிக்கு 60 லிட்டர் உறிஞ்சுமானால் 20 நிமிடத்தில் 20 லிட்டர் இழுக்கும். ஆகவே பதினெட்டரை லிட்டர் நீரில் ஒன்றரை லிட்டர் அமிலம் கலந்து வைத்தால் போதும். கடைசிக் குழாயின் முனையில் தாளை நனைத்து, பி.எச். 4 வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே மோட்டாரை நிறுத்த வேண்டும். வராவிட்டால் இன்னும் சற்று நேரம் அதே வீதத்தில் விட வேண்டும்.

அமிலத்தைக் கையாள்பவர் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்று வரும் திசைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த பாத்திரத்தில் அமிலத்தை ஊற்றினால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் தொடாமலிருப்பதே பாதுகாப்பு.

முழுவதும் அடைத்துப்போன சொட்டுவானுக்குள் நீர் போகாது. நீர் போகாத இடத்தில் அமிலமும் போகாது. அதனால் அடைப்பு முற்றும் வரை காத்திருப்பது நஷ்டம். 4 லிட்டர் சொட்டுவான் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 67 மி.லி. தர வேண்டும். மாதம் ஒருமுறை வரிசையின் முதல், நடு, கடைசிச் சொட்டுவான்களின் கீழ்க் குவளை வைத்து அளந்து, 60 மி.லி.க்குக் கீழே இறங்கியதும் அமிலம் விட்டுவிடலாம். கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது உப்பின் அளவு மாறக்கூடுமாதலால் வாளிச் சோதனையை அப்போது மறுபடியும் செய்ய வேண்டும்.

மோட்டாரை நிறுத்திய பின் 24 மணி நேரம் அமில நீர் குழாயிலேயே நிற்கட்டும். மறுநாள் முதலில் பிரதானக் குழாய், அடுத்துத் துணைக் குழாய், பின்னர் பக்கக் குழாய்களின் முனைகளைப் பத்துப் பத்தாகத் திறந்து, வெண்ணிறக் கலங்கல் நின்று தெளிந்த நீர் வரும் வரை கழுவி விட வேண்டும். முனைகளை மூடியதும் அதே மூன்று சொட்டுவான்களின் கீழ் மீண்டும் குவளையை வைத்து அளந்து குறித்துக்கொள்வது நலம்.