முற்பண்படுத்தலும் பெருஞ்சமன்பாட்டுத் தொகுதிகளும்

விதைப்பதற்கு முன் உழவன் நிலத்தைப் பண்படுத்துகின்றான். உழாத நிலத்தில் விதை நன்கு முளைக்காமற் போகலாம். உழுதுகொண்டேயிருப்பின் பருவம் தப்பிவிடும். எவ்வளவு உழவு போதும் என்று அறிவதே அவன் திறமை. பல செயலிகள் ஒருங்கே தொழிற்படும் இக்காலக் கணினிகளிலும் இத்தகைய வினா எழுகின்றது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஓர் இரும்புத் தகட்டின் விளிம்புகளில் வெப்பநிலை தெரியும். உட்புறத்து வெப்பநிலையைக் காணல் வேண்டும் எனக் கொள்வோம். தகட்டினுள் வரிசைக்கு 1000 புள்ளிகளாக 1000 வரிசைகள் குறித்தால், ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையும் அயலிலுள்ள நான்கின் சராசரியாகும். இவ்வாறு 10 இலட்சம் தெரியாக் கணியங்களும் அத்தனை சமன்பாடுகளும் பிறக்கின்றன. இவற்றின் தாயத்தில் ஓர் இலட்சம் கோடி இடங்கள் உள; எனினும் ஒரு நிரைக்கு ஐந்து இடங்களுக்கு மேல் பூச்சியமல்லாத எண் இல்லை. வகுப்பிலே கற்ற நீக்கல் முறையைக் கையாண்டால் வெற்றிடங்களிற் பல நிரம்பி வேலை பெருகும். ஆதலின் ஓர் உத்தேச விடையிலே தொடங்கி, சுற்றுக்குச் சுற்று அதனைத் திருத்திச் செல்லும் முறையை நாடுகின்றனர். 1952இல் ஹெஸ்தெனிஸ், ஸ்டீஃபெல் என்போர் வெளியிட்ட இணைச்சாய்வு முறை இவற்றுட் புகழ் பெற்றது.

எத்தனை சுற்று வேண்டும்? அது தாயத்தின் தன்மையைப் பொறுத்தது. அத்தன்மையை அளக்கும் ‘நிலைமை எண்’ என்பதற்குப் பெயரிட்டவர் அலன் டியூரிங் (1948). நம் தகட்டுக்கு அது ஏறத்தாழ 4 இலட்சம். புள்ளிகளின் இடைத்தூரத்தைப் பாதியாக்கினால் அவ்வெண் நான்கு மடங்காகும். சுற்றுகள் இரு மடங்காகும்.

இதனைத் தணிக்கவே முற்பண்படுத்தி வேண்டப்படுகின்றது. மூலத் தாயத்தை ஒத்ததாயும், எளிதில் தீர்க்கத்தக்கதாயும் உள்ள வேறொரு தாயமே அது. முழுதும் ஒத்ததைக் கொண்டால் ஒரே சுற்றில் விடை கிட்டும். ஆயின் அதைத் தீர்ப்பது மூலக் கணக்கைத் தீர்ப்பதேயாகும். சிறிதும் ஒவ்வாததைக் கொண்டால் செலவுமில்லை, பயனுமில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலேயே தெரிவு உளது.

மிக எளியது யாக்கோபியின் பெயரால் வழங்குவது. ஒவ்வொரு சமன்பாட்டையும் அதன் மூலைவிட்ட எண்ணால் வகுத்தலே அது. எந்தச் செயலியும் பிறிதொன்றுக்காகக் காத்திராது. ஆனால் நம் தகட்டில் மூலைவிட்ட எண் யாவும் 4. எல்லாவற்றையும் 4ஆல் வகுப்பதால் நிலைமை எண் மாறாது. செம்பும் தக்கையும் கலந்த தகடாயின் மூலைவிட்ட எண்கள் பெரிதும் வேறுபடும். அங்கு இவ்வெளிய முறை பெரும்பாலும் நற்பயன் தரும்.

1977இல் மெய்யரிங்க், வான் டெர் வோர்ஸ்ற் ஆகியோர் ஆராய்ந்த நிறைவுறாக் காரணிப்படுத்தல், சுற்றுகளை நன்கு குறைக்கும். எனினும் ஒரு புள்ளியைக் கணிக்க, இடப்புறத்ததும் கீழுள்ளதும் முன்னரே முடிந்திருத்தல் வேண்டும். ஒரு சரிவுக் கோட்டிலுள்ள புள்ளிகளை மட்டுமே ஒருங்கே கணிக்கலாம். நம் தகட்டில் அத்தகைய கோடுகள் 1999. எத்தனை ஆயிரம் செயலிகள் இருப்பினும் 1999 படிகளைக் கடந்தேயாகல் வேண்டும். சதுரங்கப் பலகைபோலப் புள்ளிகளுக்கு இரு நிறந்தீட்டினால் படிகள் இரண்டாகக் குறையும். ஆனால் சுற்றுகள் கூடும்.

தகட்டைத் துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் ஒரு செயலியிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. இதன் வேர் சுவார்ஸ் 1870இல் வெளியிட்ட கருத்தில் உளது. துண்டுகள் பெருகப் பெருக, ஒரு மூலையின் செய்தி மறுமூலையை அடையச் சுற்றுகள் பல செல்லும். இக்குறையை நீக்க, ஐதான புள்ளிகளைக் கொண்ட சிறு கணக்கொன்றையும் உடன் தீர்ப்பர். இக்கருத்தைப் படிப்படியாக விரிக்கும் பல்வலை முறையில், கணக்கு எத்துணை பெரிதாயினும் சுற்றுகள் அதிகம் கூடா. ஆயினும் ஐதான வலையிலே புள்ளிகள் சிலவே. அவ்வேளை செயலிகள் பல வாளாவிருக்கும்.

ஆகவே சுற்றுகளின் எண்ணிக்கை ஒன்றையே நோக்கித் தெரிவு செய்தல் தவறு. உதாரணமாக, ஒரு முறை 900 சுற்றில், சுற்றுக்கு 1 மில்லிசெக்கனாக, 0.9 செக்கனில் முடிகின்றது. மற்றது 300 சுற்றேயாயினும், சுற்றுக்கு 5 மில்லிசெக்கனாக, 1.5 செக்கன் எடுக்கின்றது. முந்தியதே மேல். ஆயின் சுற்றுதோறும் எல்லாச் செயலிகளும் ஒரு கூட்டுத்தொகைக்காகக் காத்திருப்பதால், செயலிகள் பெருகும்போது குறைந்த சுற்றுகளும் மதிப்புப் பெறும். ஒரே தாயத்தைப் பன்முறை தீர்ப்பதாயின், பண்படுத்தும் ஆரம்பச் செலவு பெரிதாயினும் தகும்.

மழை பெய்தபின் வரும் மழை முன்னறிவிப்பால் பயனில்லை. அத்தகைய கணிப்புகளில் காலமே பொருள். எனவே மாணாக்கர் ஒரு முறையின் புகழை நம்பாது, கணக்கின் இயல்பையும் பொறியின் இயல்பையும் ஆராய்ந்து, ஓட்டி அளந்து, அதன் பின்னரே தெரிதல் வேண்டும். நிலமறிந்து உழுவதே உழவு.