பென்சிலால் வீழ்ந்தார்... சட்டத்தால் நீடித்தார்!

1988 அக்டோபர் 5. சிலி நாட்டு வாக்குச்சீட்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது: அகஸ்டோ பினோசே. இந்த ராணுவத் தளபதி இன்னும் எட்டு ஆண்டுகள் அதிபராக இருக்கலாமா? ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றின் மீது பென்சிலால் கோடு போட வேண்டும். பெயர் பதிந்தவர்களில் 97 சதவிகிதம் பேர் வந்து வாக்களித்தார்கள். ஏறத்தாழ 56 சதவிகிதம் பேர் ‘இல்லை’ என்றார்கள். பதினைந்து ஆண்டு சர்வாதிகாரம் துப்பாக்கி வெடிக்காமல் தோற்றது.

1973 செப்டம்பர் 11 அன்று ஆட்சியைப் பிடித்தவர் பினோசே. மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் சல்வடோர் அலெண்டே இருந்த மொனேடா மாளிகை மீது போர் விமானங்கள் குண்டு வீசின. அலெண்டே அங்கேயே உயிர் துறந்தார். நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள், வாக்காளர் பட்டியலை அழித்தார்கள். அந்த ஆட்சியில் 3,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள்.

பயத்தை வென்ற பிரசாரம்

அப்படிப்பட்டவர் ஏன் வாக்கெடுப்புக்கு வந்தார்? 1980-ல் தன் ஆட்களைக் கொண்டு எழுதிய அரசியல் சாசனத்திலேயே அதற்கு ஏற்பாடு செய்திருந்தார். வென்றுவிடுவோம் என்று உறுதியாக நம்பினார். கலந்துகொண்டால் அவருடைய சட்டத்தை நாமே ஏற்றதாகிவிடாதா என்று எதிர்க்கட்சிகள் நெடுநாள் வாதாடின. கடைசியில் 16 கட்சிகள் ஒன்று சேர்ந்தன. தொண்டர்கள் வீடு வீடாகப் போய், ‘உங்கள் வாக்கு ரகசியமானது’ என்று சொல்லிப் பெயர் பதியவைத்தார்கள்.

தொலைக்காட்சியில், பெரும்பாலும் இரவு வெகுநேரம் கழித்து, தினமும் 15 நிமிடம் எதிரணிக்குக் கிடைத்தது. வானவில் சின்னத்தோடு, மகிழ்ச்சி வரப்போகிறது என்று பாடினார்கள். ஆனால், துயரத்தையும் மறைக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் ‘குவேக்கா’ நடனத்தை, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துப் பெண்கள் தனியாக ஆடிக் காட்டினார்கள். எதிரில் ஆட வேண்டியவன் எங்கே என்று அரசை நோக்கி எழுப்பிய கேள்வி அது.

வாக்குப்பதிவு நாளின் இரவில் அரசு முடிவைச் சொல்லாமல் இழுத்தடித்தது. எதிரணியோ சாவடிவாரியாகத் தானே எண்ணி வைத்திருந்தது. விமானப்படைத் தளபதி ஃபெர்னாண்டோ மத்தேய், மாளிகைக்குள் நுழையும்போதே ‘இல்லை’ அணி வென்றதாக நிருபர்களிடம் சொல்லிவிட்டார். அதன் பிறகு முடிவைப் புரட்ட வழியில்லை.

கொடுத்த விலை

அடுத்து நடந்த தேர்தலில் வென்ற எதிரணியின் பத்ரிசியோ அய்ல்வின், 1990 மார்ச் 11 அன்று அதிபரானார். ஆனால், பினோசே 1998 வரை ராணுவத் தலைமையில் இருந்தார். 1978-ல் அவர் பிறப்பித்த பொதுமன்னிப்புச் சட்டம் குற்றவாளிகளைக் காத்தது. செனட்டில் நியமன உறுப்பினர்கள் 2006 வரை தொடர்ந்தார்கள். வலதுசாரிகளுக்குச் சாதகமான தேர்தல் முறை 2015-ல்தான் ஒழிந்தது. அரசுத் தாமிர நிறுவனத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 10 சதவிகிதத்தை ராணுவத்துக்கு ஒதுக்கிய சட்டம் நீங்க 2019 ஆனது. பல முறை திருத்தப்பட்டாலும், 1980 சாசனம்தான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மாற்றாக முன்வைத்த இரு வரைவுகளையும் 2022-லும் 2023-லும் மக்களே நிராகரித்துவிட்டார்கள்.

அய்ல்வின் அமைத்த உண்மை ஆணையம் 1991-ல் அறிக்கை தந்தது. அவர் தொலைக்காட்சியில் தோன்றி, அரசின் சார்பில் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அது பெருந்தன்மையான செயல். ஆனால், மன்னிப்பு நீதி ஆகாது. 1998-ல் லண்டனில் கைதான பினோசே, உடல்நிலையைக் காரணம் காட்டி நாடு திரும்பி, எந்த வழக்கிலும் தண்டனை பெறாமலேயே 2006-ல் இறந்தார்.

ரத்தம் சிந்தாமல் ஆட்சி மாறியதற்காக சிலி மக்களை வணங்க வேண்டும். ஆனால், அந்த அமைதிக்கான விலையை அதிகமாகக் கொடுத்தவர்கள் பாதிக்கப்பட்ட குடும்பங்களே. காணாமல் ஆக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் என்ன ஆனார்கள் என்பது இன்னும் தெரியவில்லை. அவர்களைத் தேடும் தேசியத் திட்டத்தை அரசு அறிவித்தது 2023-ல். ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து 50 ஆண்டுகள் கழித்து! சர்வாதிகாரத்திலிருந்து மீளும் எந்த நாடும் இதை மனதில் வைக்கட்டும்: ஆட்சியாளரை இறக்குவதோடு வேலை முடிவதில்லை. அவர் எழுதிவைத்த விதிகளை மாற்றி, தொலைந்தவர்களுக்குப் பதில் சொல்லும் நாளில்தான் மக்களாட்சி முழுமை பெறுகிறது.