விதைப்பார் இன்றி விளையும் நுரை

கேரளத்தின் பொன்முடிச் சாரலில் உருண்டைப் பாறைகளினூடே இறங்கும் கல்லாறு, வாமனபுரம் ஆறாகப் பெருகி அஞ்சுதெங்குக் காயலைச் சேர்கிறது. ஐந்து தென்னையால் பெயர்கொண்ட ஊர் அஞ்சுதெங்கு. மலையில் கல்; கரையில் கள்.

விரியாத தென்னம்பாளையைக் கட்டி, மெல்லத் தட்டி, நாள்தோறும் நுனியைச் சீவுவர் கள்ளிறக்குவோர். சொட்டும் சாற்றில் நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை சர்க்கரை உண்டு. வெறியம் எனும் ஆல்ககால் துளியும் இல்லை. ஈஸ்ட் எனும் நொதியத்தை எவரும் அதில் இடுவதில்லை. பாளையின் வெட்டுவாயிலும், மொய்க்கும் ஈக்களின் காலிலும், நேற்றைய கள் படிந்த கலயச் சுவரிலும் அது முன்னரே குடியிருக்கிறது.

அக்குடி தனிக்குடி அன்று. இலங்கை ஆய்வாளர்கள் தென்னங்கள்ளிலிருந்து 17 வகை நொதியங்களைப் பிரித்தெடுத்து 1986இல் வெளியிட்டனர். கலயத்துள் வேலை முறைவைத்து நடக்கிறது. முதலில் பாலைப் புளிக்கவைக்கும் இனத்து நுண்ணுயிர்கள் சாற்றைப் புளிப்பாக்கும். புளிப்பைத் தாங்கும் நொதியம் அடுத்து ஓங்கும். அது சாற்றிலுள்ள சுக்ரோசு எனும் சர்க்கரையை இரு கூறாக்கி, ஒவ்வொரு குளுக்கோசு மூலக்கூற்றையும் இரண்டு வெறிய மூலக்கூறுகளாகவும் இரண்டு கரிவளி மூலக்கூறுகளாகவும் உடைக்கும். நுரை என்பது கார்பன் டை ஆக்சைடாகிய அக்கரிவளியே. மேலும் விட்டுவைத்தால், காற்றை நாடும் நுண்ணுயிர்கள் வெறியத்தைக் காடியாக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசினாலோ காரம் மிகுந்து இவை அடங்கும். சாறு பதநீராய் நிற்கும்.

ஐரோப்பிய பீர்க்கலை வேறு வழி தேடியது. 1883இல் கோபன்கேகன் நகரின் கார்ல்சுபெர்க்கு ஆய்வகத்தில் எமில் கிறித்தியன் ஆன்சன் ஒற்றை நொதிய உயிரணுவைப் பிரித்து, அதன் வழித்தோன்றல்களை மட்டும் பெருக்கினார். அதனால் பீரின் சுவை நிலைபெற்றது. ஆயினும் பிரசல்சு வட்டாரத்தின் லாம்பிக்கு பீர் பழைய வழியிலேயே நிற்கிறது: கொதித்த தானியச்சாற்றைக் குளிர்கால இரவில் அகன்ற திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்றிலும் மரப்பீப்பாயிலும் உறையும் உயிர்களுக்கே ஒப்படைப்பர்.

கேரள அடுக்களையும் இம்முறையை அறியும். அரைத்த அரிசிமாவில் சிறிது கள் ஊற்றி இரவில் மூடிவைப்பர். விடியலில் மா பொங்கியிருக்கும். சூடான சட்டியில் குமிழிகள் வெடிக்க, அப்பத்தின் மேல் கண்கள் விழும்.

சில நாழிகை இனிப்பு, பொழுது சாய்ந்தால் வெறியம், நாள் கடந்தால் காடி. உயிர்களைத் தேர்ந்தார் ஆன்சன். கள்ளிறக்குவோர் தேர்வது வேளையை.