கண் மங்கினாலும் கார் ஓடும்

ஸ்லாட் கார் பந்தயத்தோடு வளர்ந்த தலைமுறை அறுபதைத் தாண்டிவிட்டது. விரலில் வேகம் இருக்கிறது. கண்தான் முரண்டு பிடிக்கிறது.

முதலில் எழுவது மோட்டார் மீதான சந்தேகம். அடுத்து டயர், அதற்கடுத்து கண்ட்ரோலர். பல வருடங்களாகப் பிசகாமல் எடுத்த வளைவில் கார் திரும்பத் திரும்பத் தடம் விட்டுப் பறந்தால், எந்த ஸ்லாட் கார் பிரியரும் காரைத்தான் கழற்றிப் பார்ப்பார். கோளாறு மூக்குக்கு மேலே இருக்கக்கூடும் என்ற எண்ணம் கடைசியில்தான் வரும்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இது இன்று பலருடைய கதை. 1957 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹாரகேட் பொம்மைக் கண்காட்சியில் ஃப்ரெட் ஃபிரான்சிஸ் என்பவர் 'ஸ்கேலெக்ஸ்ட்ரிக்' என்ற மின்சாரப் பந்தயக் கார் செட்டை அறிமுகப்படுத்தினார். அதுவரை அவருடைய மினிமாடல்ஸ் கம்பெனி சுருள்வில் விசையால் ஓடும் தகரக் கார்களை விற்றுக்கொண்டிருந்தது. கார்கள் பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறின. 1960களில் கிறிஸ்துமஸ் பரிசாக அந்தப் பெட்டி பிரிட்டனின் எண்ணற்ற வீடுகளுக்குள் நுழைந்தது. அதே சமயத்தில் அமெரிக்காவில் காசு கொடுத்து ஓட்டும் பெரிய டிராக்குகள் நகரம் நகரமாக முளைத்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. ஆசை மட்டும் மூடப்படவில்லை. அன்று தரையில் குப்புறப் படுத்துக் கார் ஓட்டிய பையன்களுக்கு இன்று அறுபது, எழுபது வயது.

ஆட்டம் எளிமையானது. டிராக்கில் நீளவாக்கில் ஒரு பள்ளம், அதுதான் 'ஸ்லாட்'. காரின் அடியில் உள்ள சிறு தகடு அதற்குள் நுழைந்துகொள்ளும். பள்ளத்தின் இருபுறமும் ஓடும் உலோகப் பட்டைகளிலிருந்து 'பிரெய்டு' எனப்படும் தாமிரப் பின்னல்கள் மின்சாரத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். ஸ்டியரிங் கிடையாது. கையில் இருக்கும் கண்ட்ரோலரின் விசையை அழுத்தினால் வேகம், விட்டால் பிரேக். எங்கே விடுவது என்பதுதான் வித்தை. அதைச் சொல்ல வேண்டியது கண்.

அந்தக் கண்ணுக்கு நேரம் அதிகமில்லை. அமெரிக்காவின் 'கிங்' ரக டிராக்கின் ஒரு சுற்று 155 அடி, அதாவது சுமார் 47 மீட்டர். பந்தயத்துக்கென்றே தயாராகும் 1:24 அளவுக் கார்கள் அதை 2 விநாடிக்குள் முடித்துவிடும். வீட்டு டிராக்கில் ஓடும் 1:32 கார் இவ்வளவு வேகமில்லை. என்றாலும் இரண்டு வளைவுகளுக்கு நடுவே கண் சிமிட்ட அவகாசம் குறைவு.

மூன்று தூரம், ஒரு கண்ணாடி

நாற்பது வயதில் வரும் வெள்ளெழுத்து ஊரறிந்த விஷயம். சாளேசரம் என்றும் சொல்வார்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக விறைத்துப்போகிறது. பத்து வயதில் மூக்கு நுனிக்கு அருகில் இருப்பதைக்கூடத் தெளிவாகக் காட்டும் அந்த லென்ஸ், அறுபதில் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் நிலைத்துவிடுகிறது. செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கிறோம்; பிறகு கண்ணாடி வாங்குகிறோம்.

செய்தித்தாளுக்கு அது போதும். ஸ்லாட் காருக்குப் போதாது. காரணம், இந்தப் பொழுதுபோக்கு ஒரே மாலையில் மூன்று தூரங்களைக் கேட்கிறது. பழுது பார்க்கும் மேசையில் 30, 40 சென்டிமீட்டர். ஓட்டும் இடத்திலிருந்து டிராக், அருகே ஒரு மீட்டரில் தொடங்கி மறுகோடியில் ஐந்தாறு மீட்டர் வரை. இரண்டுக்கும் நடுவே எங்கோ சுற்றுகளின் எண்ணிக்கையைக் காட்டும் திரை.

மருந்துக் கடையில் கிடைக்கும் +2.5 வாசிப்புக் கண்ணாடி 40 சென்டிமீட்டரில் இருப்பதைத்தான் தெளிவாகக் காட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் மூன்று மீட்டருக்கு அப்பால் கார் ஒரு வண்ணக் கறைதான். மேலிருந்து கீழாகப் பவர் மாறும் புரோகிரஸிவ் கண்ணாடி போட்டால்? 1959ல் பிரான்ஸில் வரிலக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த இந்த வகை, அன்றாட வாழ்க்கைக்கு வரப்பிரசாதம். ஆனால் அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. ஸ்லாட் கார் ஓட்டுபவர் பார்ப்பதோ கீழே உள்ள டிராக்கை. தலையைக் குனியாமல் விழியை மட்டும் தாழ்த்தினால், வாசிப்புப் பகுதி குறுக்கே வந்து கார் மங்கும். லென்ஸின் ஓரங்களில் உருவம் சற்று வளையும். கார் குறுக்கே பாயும்போது டிராக்கே நீந்துவதுபோலத் தோன்றும்.

தீர்வு ஆடம்பரமானதல்ல: ஓட்டுவதற்குத் தனிக் கண்ணாடி. தூரப் பார்வைக்கான பவரோடு +0.5 கூட்டி, லென்ஸ் முழுவதும் ஒரே பவராகச் செய்தால் சுமார் 2 மீட்டரில் தெளிவு நிற்கும். ஒரு மீட்டரிலும் ஐந்து மீட்டரிலும் லேசான மங்கல்தான் இருக்கும். நல்ல வெளிச்சத்தில் அது பொருட்டாகாது. கண் டாக்டரிடம் போகும்போது 'பார்வை மங்கல்' என்று மட்டும் சொல்லாமல், டிராக் எவ்வளவு தூரம், மேசை எவ்வளவு தூரம் என்று டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு போவது பலன் தரும்.

மேசை வேலைக்கு வேறு ஆயுதம். தேய்ந்த பிரெய்டை மாற்றுவது, மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் அச்சின் பல்சக்கரத்தோடு சரியாகக் கவ்வுகிறதா என்று பார்ப்பது, கடுகு போன்ற திருகைப் பிடிப்பது எல்லாம் விரல்நுனி வேலைகள். நகைப்பட்டறையிலும் வாட்ச் கடையிலும் மாட்டிக்கொள்வதைப் போன்ற தலைப்பட்டை லென்ஸ் இதற்குத் தோது. இரு கண்ணாலும் பார்க்கலாம். இரு கையும் வேலைக்குக் கிடைக்கும். பவர் கூடக் கூட முகம் பொருளை நெருங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. +5 லென்ஸ் என்றால் 20 சென்டிமீட்டர். பற்றவைப்புக் கோலை வைத்துக்கொண்டு அதற்கும் அருகில் குனிவது ஆபத்து.

வெளிச்சம் எங்கே போனது?

வெள்ளெழுத்து பாதிக் கதைதான். வயதாகும்போது கண்மணியின் துளை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேர்கிறது. வீட்டுக்காரர் நினைப்பது 'கண்ணாடியை மாற்றணும்'. உண்மையில் பல சமயம் மாற்ற வேண்டியது பல்பு.

கறுப்பு டிராக்கில் கருநீலக் கார் என்பது இளைஞர்களின் சொகுசு. மஞ்சளேறிய லென்ஸ் வழியே நீலம், ஊதா, கறுப்பு மூன்றும் ஒன்றாய்க் கலக்கும். அமெரிக்க டிராக்குகளில் எட்டுத் தடங்களுக்கு எட்டு நிறங்கள். அவற்றில் இந்த மூன்றும் உண்டு. தடத்தின் பக்கத்தில் நிறத்தோடு பெரிய எண்ணையும் எழுதிவிட்டால் குழப்பம் தீரும். காரின் கூரையில் வெளிர் மஞ்சளோ வெள்ளையோ ஒரு பட்டை ஒட்டலாம். பிரேக் விட வேண்டிய இடத்தில் டிராக் ஓரமாக ஒரு வெள்ளைக் குறி வைக்கலாம். விளக்கு ஓட்டுபவரின் முகத்துக்கு எதிரே கூசாமல், டிராக்குக்கு நேர் மேலே பரவலாக இருக்க வேண்டும்.

இன்னொரு வழி அளவை மாற்றுவது. கைக்கு அடக்கமான 1:64 காரிலிருந்து 1:32க்கு மாறினால் கார் நீளத்தில் இரு மடங்கு. இடம் அதிகம் வேண்டும். ஆனால் கண்ணுக்கும் விரலுக்கும் ஒரே சமயத்தில் நிம்மதி.

காதும் கைகொடுக்கிறது. மோட்டாரின் சுருதி ஏறி இறங்குவதை வைத்தே கார் எங்கே இருக்கிறது, பிடிமானம் எப்படி என்று பழகியவர்களுக்குத் தெரிந்துவிடும். வளைவுகள் விரலுக்கு மனப்பாடம். பதினைந்து வயதுப் பையனுக்குக் கண் உண்டு. இந்த மனப்பாடம் இல்லை.

டிராக்கே டாக்டர்

எல்லாவற்றையும் வயதின் தலையில் கட்டிவிடுவதில்தான் அபாயம். ஸ்லாட் கார் டிராக் தன்னையறியாமல் ஒரு கண் பரிசோதனையும் செய்கிறது. நேராக ஓடும் உலோகப் பட்டை ஒரு கண்ணுக்கு மட்டும் நெளிந்து தெரிந்தால் அது டிராக்கின் குறையாக இல்லாமல் இருக்கலாம். விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா கெடும்போது நேர்க்கோடுகள் வளையும். கண் டாக்டர்கள் கட்டம் போட்ட ஆம்ஸ்லர் அட்டையைக் காட்டிக் கேட்பதும் இதைத்தான். நீர் கோக்கும் வகையாக இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகள் பெரும்பாலும் பார்வை மேலும் சரியாமல் தடுக்கின்றன. தாமதித்தால் போனது திரும்புவது கடினம். திடீரென்று மின்னல் வெட்டினாற்போல ஒளி, பூச்சி பறப்பது போன்ற புள்ளிகள், ஓரத்தில் திரை விழுவது ஆகியவை விழித்திரை கழல்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி. பக்கத்துத் தடத்துக் கார் திடீர் திடீரென்று 'முளைத்தால்' கண் அழுத்த நோய் ஓரப் பார்வையைத் தின்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி இருக்காது என்பதால் அது தானாகச் சொல்லிக்கொள்ளாது.

கண்புரை பற்றி இந்தளவு பயம் தேவையில்லை. 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போரில் விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தைத்தும் அவை பெரிதாகத் தொல்லை தராததை அவர் கவனித்திருந்தார். இன்று அந்த அறுவை சில நிமிட வேலை. நீலம் மறுபடி நீலமாகத் தெரியும். ஆனால் வழக்கமாக வைக்கப்படும் லென்ஸ் ஒரே தூரத்துக்கானது. எந்தத் தூரம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஒரு கண்ணுக்குத் தூரம், மறு கண்ணுக்குக் கிட்டம் என்ற ஏற்பாடு சிலருக்கு வசதி. ஆனால் ஆழத்தை மதிப்பிடும் திறன் குறையக்கூடும். வளைவுக்கு எவ்வளவு முன்னால் விடுவது என்று கணக்குப் போடுபவர் யோசிக்க வேண்டிய விஷயம்.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் விளையாட்டுக் கவலை என்று ஒதுக்க முடியாது. 2018ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான அசாம் ஆய்வு ஒன்றில், நாற்பது தாண்டிய தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கிட்டப் பார்வைக்கான கண்ணாடி கொடுத்தபோது, கண்ணாடி பெறாதவர்களைவிட அவர்கள் பறித்த இலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. கை அதே கை. பழக்கம் அதே பழக்கம். கண்ணாடி மட்டும் புதிது.

பிரிட்டனில் நிஜக் கார் ஓட்ட, 20 மீட்டர் தூரத்தில் உள்ள நம்பர் பிளேட்டைப் படித்தாக வேண்டும். ஸ்லாட் காருக்கு அப்படி எந்தச் சட்டமும் இல்லை. டிராக்கை விட்டு விலகும் வயது எது என்று யாரும் உத்தரவு போடப்போவதில்லை. அநேகமாக அதைத் தீர்மானிக்கப்போவது ஒரு பல்பும், ஒரு சரியான கண்ணாடியும், ஒத்திப்போடாமல் செய்துகொண்ட ஒரு பரிசோதனையும்தான்.