பழுப்பு நிற பிளாக்பேர்டு

இங்கிலாந்துத் தோட்டங்களில் பாடும் பிளாக்பேர்டில் ஆண்தான் கறுப்பு, பெண் பழுப்பு. பழுப்பானாலும் அதுவும் பிளாக்பேர்டுதான். காக்கை அட்டைக்கரி, ஆனாலும் அது வெறும் பிளாக் பேர்டு, கறுப்பாக இருக்கும் ஒரு பறவை, அவ்வளவே. எழுத்தில் இடைவெளி விட்டு இந்த வேறுபாட்டைக் காட்டிவிடலாம். பேச்சில் காட்டுவது அசையழுத்தம்.

இனப்பெயராகச் சொல்லும்போது 'பிளாக்' எடுப்பாக ஒலிக்கும், 'பேர்டு' தணிந்துவிடும். கறுப்பான ஏதோ ஒரு பறவை என்றால் 'பேர்டு' எடுபடும். அழுத்தம் என்றால் சத்தம் மட்டுமல்ல. சுருதி மாறும், அசை சற்று நீளும். இங்கிலீஷ் டீச்சரில் முன்னால் அழுத்தினால் ஆங்கிலம் கற்பிப்பவர்; பின்னால் அழுத்தினால் இங்கிலாந்துக்கார ஆசிரியர், அவர் கணக்குகூடச் சொல்லித்தரலாம்.

தமிழில் இத்தகைய வேலையைப் பல இடங்களில் ஒற்று பார்த்துக்கொள்கிறது. 'தயிர் கடை' என்றால் மத்தைத் தேட வேண்டும்; 'தயிர்க்கடை' என்றால் சில்லறையைத் தேட வேண்டும். அழுத்தத்தை இடம் மாற்றிப் பொருளை மாற்றும் பழக்கம் நமக்கில்லை. அதனால் ஆங்கிலத்தில் அது மாறும்போது காதில் படாமல் போகிறது.

கூட்டுச்சொல்லில் முதற்பகுதிக்கே அழுத்தம் என்பதை நோம் சோம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேவும் 1968இல் விதியாகவே வகுத்தார்கள். விதி அழகுதான், ஆங்கிலேயர் நாக்கு அதற்கு முழுக்கக் கட்டுப்படுவதில்லை. 'ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்' என்றால் அழுத்தம் ஊர்ப்பெயரில். 'ஆக்ஸ்ஃபோர்டு ரோடு' என்றால் ரோட்டுக்குத் தாவிவிடும். ஆப்பிள் கேக்கில் ஆப்பிளும், ஆப்பிள் பையில் பையும் அழுத்தம் பெறும். ஸ்ட்ரீட், கேக், ஜூஸ் பின்னால் வந்தால் முன்சொல்லை அழுத்து என்று மனப்பாடம் செய்வதே வழி.

அசை எங்கே பிரிகிறது என்பதும் முக்கியம். உப்பு வகையான நைட்ரேட், இரவுக் கட்டணமான நைட் ரேட் இரண்டிலும் அழுத்தம் முன்னால்தான். ஆனால் உப்பில் 'ட்'டும் 'ரே'யும் ஒட்டிக்கொண்டு ஏறக்குறைய 'ச்ரே' என்று வரும். கட்டணத்தில் 'ட்' முதல் அசையோடு நின்றுவிடும், பலர் வாயில் தொண்டையிலேயே அடைபடும், 'நை'யும் குறுகும். இரு சொற்கள் சேர்ந்த பொருத்து அதில் இன்னும் தெரிகிறது. நெடுநாள் புழங்கினால் அதுவும் அழியும்: கப்பும் போர்டும் சேர்ந்த சொல்லில் 'ப்' மறைந்து, போர்டு தேய்ந்து, இன்று 'கபர்ட்' என்றே சொல்கிறார்கள்.

அகராதியில் உச்சரிப்புக் குறிப்பைப் பாருங்கள். அசைக்கு முன் மேலே நிற்கும் சிறு கோடு முதன்மை அழுத்தம். கீழே நிற்பது துணை அழுத்தம். புதிய கூட்டுச்சொல்லைக் கற்கும்போது எழுத்துக்கூட்டலோடு அந்தக் கோட்டையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.