சிறு பெட்ரோல் எஞ்சின்களின் பராமரிப்பு

இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்கள், அசாமின் தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தின் ரப்பர் தோட்டங்கள் போன்ற, டிராக்டர் நுழைய இயலாத இடங்களில் உழைப்பவை சிறு பெட்ரோல் எஞ்சின்களே. விசைத் தெளிப்பான், புதர் வெட்டும் கருவி, மரம் அறுக்கும் சங்கிலி வாள், கையால் தூக்கிச் செல்லக்கூடிய பம்பு ஆகியவற்றை இயக்குவது பெரும்பாலும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினாகும். 2014-15ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், மானியத்தின் மூலமும் வாடகை மையங்களின் மூலமும் வேளாண் கருவிகளைச் சிறு விவசாயிகளுக்கு எட்டச் செய்தது. ஆயினும், மருந்து தெளிக்க வேண்டிய வாரத்தில் எஞ்சின் கிளம்ப மறுத்தால், மானியம் பெற்ற கருவியும் பாரமாகிவிடுகிறது.

இவ்வகை எஞ்சின்கள் உழைப்பதால் தேய்வதைக் காட்டிலும், பருவம் முடிந்தபின் சும்மா கிடப்பதாலேயே மிகுதியாகக் கெடுகின்றன. தொட்டியில் மிஞ்சிய பெட்ரோல் ஓரிரு மாதங்களில் பழையதாகிவிடும். எளிதில் ஆவியாகும் பகுதி வெளியேற, எஞ்சியது பிசின்போல் கெட்டியாகி, கார்புரேட்டரின் மயிரிழை போன்ற துளைகளை அடைத்துவிடும். அடுத்த பருவத்தில் இழுகயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பயனிராது.

எத்தனால் கலப்பு இவ்விடரைக் கூட்டியுள்ளது. நாட்டின் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2022ஆம் ஆண்டில் 10 சதவீதத்தையும், 2025ஆம் ஆண்டில் 20 சதவீதத்தையும் எட்டியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கவும், கரும்பு விவசாயிகளுக்கு உதவவும் மேற்கொள்ளப்பட்ட திட்டம் இது. அதன் தேவையை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. நீர் அளவுக்கு மிஞ்சினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். இரண்டு வீச்சு எஞ்சின்களுக்கு இது பேரிடர். ஏனெனில் அவற்றுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலுடன் கலந்தே வருகிறது. அந்த எண்ணெய் மேலடுக்கில் நின்றுவிட, எஞ்சின் உறிஞ்சுவதோ எண்ணெயற்ற அடியடுக்கை. பிஸ்டனும் சிலிண்டரும் உராய்ந்து பாழாக இதுவே போதும். பழைய ரப்பர்க் குழாய்களும் சவ்வுகளும் எத்தனாலில் ஊறித் தளர்வதுண்டு. பல உற்பத்தியாளர்களின் கையேடுகள் 10 சதவீத எத்தனால் வரையே அனுமதிக்கின்றன. வாங்கும்முன் அப்பக்கத்தைப் படிப்பது நலம்.

பரிகாரம் செலவற்றது. ஒரு மாதத்திற்கு மேல் கருவி நிற்குமானால், தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓட்டிக் கார்புரேட்டரை வற்றச் செய்ய வேண்டும்.

பழுது அறியும் முறை

எஞ்சின் ஓடுவதற்கு எரிபொருள், காற்று, தீப்பொறி, அழுத்தம் ஆகிய நான்கும் தேவை. எது குறைகிறது என்பதை ஸ்பார்க் பிளக்கே பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். சில முறை கயிற்றை இழுத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அது உலர்ந்திருப்பின் பெட்ரோல் வந்து சேரவில்லை என்று பொருள். குழாய், வடிகட்டி, கார்புரேட்டர் ஆகியவற்றை அவ்வரிசையில் நோக்க வேண்டும். நனைந்திருப்பின் தீப்பொறி இல்லை, அல்லது சோக்கை மூடி அளவுக்கு மிஞ்சி இழுத்து எஞ்சினை மூழ்கடித்தாயிற்று. கரி படிந்த பிளக், காற்று வடிகட்டி அடைபட்டிருப்பதையோ எண்ணெய் கூடுதலாகக் கலந்திருப்பதையோ உணர்த்தும்.

கருவியைப் பிரிக்கும்முன் சில எளிய காரணங்களை விலக்கிவிடலாம். நிறுத்தும் பொத்தானின் கம்பி உறை கிழிந்து உலோகத்தைத் தொட்டால் தீப்பொறியே எழாது. சிறிது நேரம் ஓடி நின்று, தொட்டி மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டுள்ளது. நான்கு வீச்சு எஞ்சின் சிலவற்றில் எண்ணெய் குறைந்தால் தானே நிறுத்திவிடும் அமைப்பு உண்டு. சரிவான நிலத்திலும் அது செயற்படுவதால், பழுதில்லாத எஞ்சின்கள் பட்டறைக்குச் செல்கின்றன!

அன்றாடக் கவனம் காற்று வடிகட்டிக்கே தேவை. நுரைப்பஞ்சு வடிகட்டியைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சில சொட்டு எண்ணெய் விட்டுப் பிழிந்து பொருத்தலாம். காகித வடிகட்டியைக் கழுவலாகாது. இரண்டு வீச்சு எஞ்சினுக்கு எண்ணெய்க் கலவை கருவிக்கு ஏற்ப 1:25 முதல் 1:50 வரை மாறும். கண்மட்டத்தில் ஊற்றுவது தவறு. நான்கு வீச்சு எஞ்சினில் முதல் 20 மணி நேரத்திற்குள் ஒருமுறையும், பிறகு கையேட்டின்படியும் எண்ணெய் மாற்ற வேண்டும். மிக முக்கியமாக, பெட்ரோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது. உள்ளே இறங்குவோரைக் கொல்லவல்லது.

மத்தியப் பிரதேசத்தின் புத்னி, அரியானாவின் ஹிசார், ஆந்திரத்தின் கார்லதின்னே, அசாமின் விஸ்வநாத் சாரியாலி ஆகிய இடங்களில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி நிலையங்கள் உள்ளன. எனினும், வாடகை மையத்தில் கருவியைக் கொடுத்து வாங்கும் பணியாளரே அதன் முதல் மெக்கானிக். ஓடிய மணி நேரம், எண்ணெய் மாற்றிய நாள், தொட்டியைக் காலி செய்த நாள் ஆகியவற்றுக்கு ஒரு குறிப்பேடும், கருவி ஒன்றுக்கு ஒரு மாற்று பிளக்கும் அம்மையத்தில் இருத்தல் அவசியம். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் கருவிகளின் எண்ணிக்கையுடன் அக்குறிப்பேட்டையும் கேட்டுப் பார்க்கலாம்.